மூன்று கிலோ இருநூறு

இந்தப் பையைக் கொஞ்சம் உன் மடியில் வைத்துக்கொள், ஆத்தா. மேலே கம்பித் தட்டில் வைத்தால் பிரேக் போடும்போது எவர் தலையிலாவது விழும். கீழேயும் வைக்கக் கூடாது, உள்ளே விபூதி இருக்கிறது. கனமெல்லாம் இருக்காது. மூன்று கிலோ இருநூறுதான். இல்லை, சோப்புத் தேய்ந்துவிட்டது, மூன்று கிலோ நூற்றெண்பது. பஞ்சாமிர்த டப்பா எட்டு இருக்கிறது, அது தனி. பிரசாதத்துக்குக் கனம் பார்க்கக் கூடாது.

காரைக்குடிக்கா நீ? நாங்களும் அங்கேதான். நல்லதாகப் போயிற்று, வழியில் இறங்குகிறவள் என்றால் பையை வேறொருத்தி மடிக்கு மாற்ற வேண்டும். தூங்கப் போகிறாயா? தூங்காதே, பஸ்ஸில் தூங்கினால் கழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதோ முன்சீட்டில் ஜன்னலோரம், இரண்டு காலிலும் துணியைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்து தூங்குகிறாளே, அவள் என் நாத்தனார் மீனாள். இறங்கும்போது பார், கழுத்து ஒரு பக்கமாக நிற்கும். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

என் பெயர் பஞ்சவர்ணம். காய்கறிக் கடை வைத்திருக்கிறோம். கடை என் வீட்டுக்காரர் ராசு பெயரில், தராசும் கூட்டலும் என் பொறுப்பில். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் நீ கத்தரிக்காய் முக்கால், தக்காளி ஒன்றேகால், வெங்காயம் ஒன்றரை என்று சொல்லி வாயை மூடுவதற்குள், மொத்தம் மூன்றரை கிலோ, இந்தப் பை தாங்காது, வேறு பை கொண்டு வா என்று சொல்லிவிடுவேன். ஒரு பூசணிக்காயைக் கையில் கொடுத்தால் இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று என் கை சொல்லும். தராசில் வைத்துப் பார்ப்பதெல்லாம் வாங்குகிறவர்களின் திருப்திக்கு.

போன ஆடியில் அவருக்கு வயிற்றில் கல். ஆறு மில்லிமீட்டர் என்று ஸ்கேனில் காட்டினார்கள். மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உருண்ட உருளலைப் பார்த்து எனக்கு உயிரே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பழனி எந்தத் திசை என்று நர்ஸிடம் கேட்டு, அந்தப் பக்கம் திரும்பி வாய்விட்டே வேண்டிக்கொண்டேன். முருகா, கல் இறங்கட்டும், என் சுமையை ஒருத்தர் கையிலும் கொடுக்காமல் நானே சுமந்துகொண்டு உன் மலைக்கு நடந்து வருகிறேன் என்று. பக்கத்தில் மீனாள் இருந்தாள். அவர்தான் அவளுக்கு ஒரே அண்ணன். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணி, நடக்கிறேன்னு மட்டும் வேண்டிக்கிட்டா போதாதா? சுமையெல்லாம் எதுக்கு? நம்ம கூட்டத்துக்குத்தான் சாமான் வண்டி வருதே."

சொன்னது சொன்னதுதான். மூன்றாம் நாள் கல் இறங்கிவிட்டது. அதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கடைத் தராசில் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. இத்தனை பாடுபடுத்தின பொருள் அரைக் கிராம்கூட இல்லை. அதற்குத்தான் நான் நூற்றறுபது கிலோமீட்டர் சுமை தூக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். பயமாக இருந்தது. வேண்டுதலில் ஒரு பிசகு வந்தால் கல் திரும்பி வரும். பக்கத்துத் தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் மொட்டை போட மறந்து மூலம் திரும்பி வந்தது.

பொங்கலுக்கு என் அக்கா மகன் கதிரேசன் பெங்களூரிலிருந்து வந்தான். முப்பத்திரண்டு வயது, நல்ல உத்தியோகம், ஆனால் லீவு கிடைத்தால் மலைக்கு ஓடிவிடுவான். இமயமலையில் பதினெட்டு நாள் நடந்திருக்கிறான், முதுகில் ஆறு கிலோவோடு. கூடாரம், படுக்கை, அடுப்பு எல்லாம் அந்த ஆறு கிலோவுக்குள். நான் ஏழு நாள் நடைக்குக் கட்டி வைத்திருந்த மூட்டையைப் பார்த்துவிட்டுக் கடைத் தராசில் தூக்கி வைத்தான். பதினான்கு கிலோ முந்நூறு.

"சித்தி, இதுல என்ன இருக்கு?"

"அவசியமானது மட்டும்தான்ப்பா."

ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். தலையணை. குடை. வெந்நீர் பிளாஸ்க். பித்தளை விளக்கு. கண்ணாடிப் பாட்டிலில் எலுமிச்சை ஊறுகாய். அலாரம் கடிகாரம். பருத்திப் புடவை நாலு. ஒரு சின்ன அரிவாள்மனை.

"இது எதுக்கு சித்தி?"

"வழியில ஒரு காய் நறுக்கணும்னு வந்தா?"

"சாப்பாடு வண்டியில வரும்னு சொன்னீங்க."

"வண்டி வரலைன்னா?"

"வண்டி வரலைன்னா காயும் வராதே சித்தி."

அரிவாள்மனை வெளியே போயிற்று. குடையை எடுத்தான். மழை வந்தால் என்றேன். தை மாசத்துலயா என்றான். வராது என்று எழுதிக் கொடு என்றேன். எழுதிக் கொடுத்தான், ஆத்தா, கையெழுத்துப் போட்டு. அந்தச் சீட்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அது ஒரு கிராம்கூட இருக்காது, குடை நானூறு கிராம். கடைசியில் ஒரு பெரிய பூட்டு வெளியே வந்தது, திண்டுக்கல் பூட்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு கதிரேசன் என்னையே பார்த்தான்.

"திண்டுக்கல் வழியாத்தானே போறீங்க?"

"ஆமா."

"அங்க பூட்டு கிடைக்காதுன்னு எடுத்துட்டுப் போறீங்களா?"

கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் ரொம்பச் சிரித்தார். கல் இறங்கின வயிறு, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் எனக்கென்று ஒரு பை வாங்கி வந்திருந்தான். உன் மடியில் இருப்பது அதுதான். தொட்டுப் பார், பட்டம் விடுகிற தாள் மாதிரி இருக்கும், நானூறு கிராம். உள்ளே எதை வைக்கலாம் எதை வைக்கக் கூடாது என்று இரண்டு நாள் தராசு முன்னால் உட்கார்ந்தோம். பல் தேய்க்கிற பிரஷ்ஷின் காம்பைப் பாதியில் வெட்டினோம், எட்டு கிராம் மிச்சம். சோப்பைக் காலாக அறுத்தோம். பருத்திப் புடவை நாலுக்குப் பதில் நைலக்ஸ் இரண்டு. சீப்பையும் பாதியாக வெட்டினேன். அப்போது என் வீட்டுக்காரர், "சீப்பை வெட்டிட்ட, சரி. தலையை என்ன பண்ணப் போற?" என்றார். போர்வைக்குப் பதில் அவன் ஒரு துணி கொடுத்தான், மடித்தால் கைக்குள் அடங்கும், போர்த்தினால் சாமி சத்தியமாகச் சூடு.

தண்ணீர்ப் பாட்டில் இரண்டு வைத்திருந்தேன். "ஒண்ணு போதும் சித்தி, ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ" என்றான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பது வருஷம் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்திருக்கிறேன். கனம் குடத்துக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தராசு மூன்று கிலோ இருநூறு காட்டியது, அரை பாட்டில் தண்ணீரோடு. கதிரேசன் கைகொடுத்தான். "சித்தி, இதைத் தூக்கிட்டு நீங்க இமயமலைக்கே போகலாம்."

பிள்ளை புத்திசாலி. ஆனால் ஒன்றை அவன் யோசிக்கவில்லை. அவன் நடந்த இமயமலையில் அன்னதானம் கிடையாது.

நீ பழனிக்கு நடந்திருக்கிறாயா? இல்லையா. தைப்பூச நேரத்தில் அந்த ரோட்டைப் பார்க்க வேண்டும். பந்தல் பந்தலாகப் போட்டு நிற்பார்கள். நடந்து போகிற நம்மைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். "சாமி, வாங்க சாமி" என்று இரண்டு கையாலும் நீட்டுவார்கள். முருகன் பேரைச் சொல்லி நீட்டினதை வேண்டாம் என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. வாங்கினதை ரோட்டில் போடலாமா? பாவம். சரி, கூட வருகிற யாரிடமாவது கொடுத்துவிடலாமா? அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் சுமையை ஒருத்தர் கையிலும் கொடுப்பதில்லை என்றுதானே வேண்டுதல். வேண்டாமென்று சொல்ல முடியாது, போட முடியாது, கொடுக்க முடியாது. எந்தக் கதவும் திறக்கவில்லை.

குன்றக்குடியில் புறப்படும்போதே இரண்டு சீப்பு வாழைப்பழம். ஏன் இரண்டு என்றால், நான் வரிசையில் இரண்டு தடவை நின்றேன். வேண்டுதல் யாருக்காக? அவருக்காக. அவர் பங்கு என்று ஒன்று உண்டல்லவா? எனக்காக ஒரு தடவை, அவருக்காக ஒரு தடவை. இதில் பேராசை எதுவும் இல்லை. திருப்பத்தூரில் ஒரு குடும்பம் உபயம் என்று பெயர் வெட்டின எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். இரண்டு. சிங்கம்புணரியில் துண்டு. இரண்டு. கொட்டாம்பட்டியில் வலித்தைலம், நத்தத்துக்கு இந்தப் பக்கம் பிஸ்கட், பேரீச்சம்பழம், விசிறி. தை மாசத்தில் விசிறி எதற்கு என்று நான் கேட்கவில்லை. முருகனிடம் கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கில்லை.

மீனாள் என்ன செய்தாள் தெரியுமா? கையை வீசிக்கொண்டு வந்தாள். பதினாலாவது வருஷமாக நடக்கிறாள், தலையணை, மடக்கு நாற்காலி, முறுக்கு டின் எல்லாம் சாமான் வண்டியில். பந்தலில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள், ஒரு வாழைப்பழத்தை அங்கேயே உரித்துத் தின்பாள், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். பக்தி அவ்வளவுதான்.

"அண்ணி, நேத்து முதுகுல கொக்கு மாதிரி இருந்துச்சு பை. இன்னைக்கு எருமைக்கன்னு மாதிரி இருக்கு."

"முருகன் குடுக்குறான், நான் வாங்குறேன். உனக்கென்ன?"

"முருகன் ஒண்ணுதானே குடுக்குறான். நீங்கதானே சுத்தி வந்து இன்னொண்ணு வாங்குறீங்க."

இப்படிப் பேசுகிறவளோடு ஏழு நாள் நடந்தேன், ஆத்தா. வேண்டுதலில் அதைச் சேர்த்திருந்தால் இன்னும் நாலு கல் இறங்கியிருக்கும்.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் ஒரு பந்தலில் நான் வடை தின்றுவிட்டேன். தின்ற பிறகுதான் அதில் வெங்காயம் இருந்தது தெரிந்தது. மாலை போட்ட நாளிலிருந்து வெங்காயத்தை வாயில் வைக்காதவள், நடுரோட்டில் உட்கார்ந்து விட்டேன். மீனாள்தான் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றினாள். "தெரியாம நடந்ததைச் சாமி கணக்குல சேர்த்துக்காது அண்ணி. தெரிஞ்சு செஞ்சாத்தான் தப்பு. எந்திரிங்க" என்றாள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவள் சொன்னது எனக்குப் பிடித்தது.

வழியில் காய்கறிக் கடையைப் பார்த்தால் பையைத் தராசில் வைத்துப் பார்ப்பேன். சிங்கம்புணரியில் நாலு அறுநூறு. நத்தத்தில் ஆறு நூறு. கதிரேசனுக்குப் போன் போட்டேன். "சாப்பிடுற பொருளைச் சாப்பிட்டு முடிச்சிருங்க சித்தி" என்றான். உட்கார்ந்து ஒரு டஜன் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் தின்றேன். பை ஒரு கிலோ குறைந்தது, ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. மறுபடி போன் போட்டேன். "வயித்துக்குள்ள போனாலும் நீங்கதானே சித்தி தூக்குறீங்க" என்கிறான். இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா?

சாணார்பட்டியில் ஒரு உரக்கடைக்காரர் தினசரிக் காலண்டர் கொடுத்தார். மிஞ்சிப்போனது போல. பெரிய அட்டை, அதில் முருகன் வேலோடு நிற்கிறார். எப்படி வேண்டாமென்பது? இதற்கு மட்டும் நான் இரண்டு தடவை நிற்கவில்லை, ஒரு வீட்டுக்கு ஒரு காலண்டர் போதும். அதிலும் மூளையை உபயோகித்தேன். ஜனவரி முழுக்கவும் முடிந்துபோன பிப்ரவரி நாட்களும் எனக்கு எதற்கு? உட்கார்ந்து முப்பத்திநாலு தாளைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவசரத்தில் கிழித்ததில் அட்டையோரம் முருகனின் மயில் வாலும் கொஞ்சம் கிழிந்துவிட்டது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தாளில் சாமி இல்லை, ராசிபலன்தான். கதிரேசன் கேட்டால் பெருமைப்படுவான்.

திண்டுக்கல்லைத் தாண்டினதும் ஒரு விவசாயி தேங்காய் கொடுத்தார், மலையில் உடைக்கச் சொல்லி. இரண்டு. தின்னவும் முடியாது, உடைக்கவும் முடியாது, மலை வரைக்கும் சுமக்க வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் அவர் போன். நான் எப்போதெல்லாம், சரி, பையை வண்டியில் போட்டுவிடலாம், ஒரு நாள்தானே என்று நினைக்கிறேனோ, அப்போதெல்லாம் மணி அடித்தாற்போல் போன் வரும். இதிலிருந்தே தெரிகிறதா?

"பஞ்சு, வயித்துல லேசா சுருக்குங்குது."

"எப்போ?"

"இப்பத்தான். சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது."

"என்ன சாப்பிட்டீங்க?"

"கஞ்சி."

பின்னால் தடதடவென்று தகரத்தில் கரண்டியால் அடிக்கிற சத்தம். என்ன சத்தம் என்று கேட்டேன். கடை ஷட்டரைப் பழுது பார்க்கிறாராம். நான் இல்லாத நேரத்தில் அத்தனை பொறுப்பு. ஏழு நாளும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஷட்டர் வேலை நடந்திருக்கிறது. ஒரு ஷட்டருக்கு ஏழு நாள் என்றால் எவ்வளவு கவனமாகச் செய்திருப்பார், பார்த்துக்கொள். அந்த வேலையோடு வேலையாக வயிற்றுவலியும் தாங்கியிருக்கிறார். அந்த மனிதருக்காக நான் பையைக் கீழே வைக்கலாமா?

ஒட்டன்சத்திரம் வந்தது. காய்கறி மார்க்கெட் எத்தனை பெரியது என்று உனக்குத் தெரிந்திருக்கும். மூட்டை நிறுக்கிற தராசில் என் பையை வைத்தேன். பதினொன்று நானூறு. மூன்று கிலோ இருநூறில் புறப்பட்டவள், ஆத்தா. என் தோள் இரண்டிலும் வார் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. தராசுக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா லோடு, பல்லாரி வெங்காயமா?" என்றார்.

"சாமி சாமான்."

"சாமிக்கு இம்புட்டு எதுக்கு? இறக்கி வைங்க, ஒரு கையில தூக்கிட்டு வந்து வண்டியில போடுறேன்."

"தொடாதீங்க."

நான் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். பையைக் கட்டிக்கொண்டு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். அழுகை வெங்காயத்தால் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், தோன்றவில்லை. இன்னும் முப்பது கிலோமீட்டர். என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வண்டி அங்கேதான் நின்றது, பத்தடியில்.

மீனாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வண்டியில போடுங்க அண்ணி. முருகன் ஒண்ணும் தராசு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கலை."

எனக்கு வந்த கோபத்தில், "உங்க அண்ணன் வயிறு உனக்கு விளையாட்டாப் போச்சா? நாளைக்குக் கல்லு திரும்பி வந்தா நீ தாங்குவியா?" என்று கேட்டுவிட்டேன். மீனாள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதன் பிறகு சத்திரப்பட்டி வரைக்கும் என் பின்னாலேயே பேசாமல் நடந்து வந்தாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அவள் பேசாதிருந்தால் நடை குறைகிற மாதிரி இருக்கும்.

சத்திரப்பட்டியில் மத்தியானம் ஒரு கல்யாண மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். எப்படித் தூங்கினேன் என்று தெரியாது, செத்தவள் மாதிரி. எழுந்தபோது தலைக்கடியில் மெத்தென்று இருந்தது. பார்த்தால் மீனாளின் தலையணை. தூக்கத்தில் நான்தான் இழுத்திருப்பேன். என் பை பக்கத்தில் சமர்த்தாக இருந்தது, வாயைச் சுருக்கி நாடா கட்டி. தூக்கித் தோளில் போட்டேன்.

ஆத்தா, பை பறந்தது.

நான் சொல்வதை நம்பு. கொக்கு மாதிரி. நான் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர். முருகா, தோள் கொடுத்துவிட்டாயா என்று மண்டபத்துக்குள்ளேயே விழுந்து கும்பிட்டேன். திறந்து பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். தெய்வ காரியத்தை நோண்டக் கூடாது.

அங்கிருந்து நான் நடந்த நடையைப் பார்த்துக் கூட்டமே வியந்தது. மீனாள்தான் பின்தங்கிவிட்டாள். என்ன ஆச்சரியம் என்றால், ஆறு நாளாகக் கையை வீசிக்கொண்டு வந்தவள் தோளில் அன்றைக்கு ஒரு பெரிய துணிப்பை. சாமான் வண்டி எங்களுக்கு முன்னாலேயே பழனிக்குப் போய்விட்டது, இடம் பிடிக்க.

"என்னடி பை?" என்றேன்.

"வண்டியில போட மறந்துட்டேன் அண்ணி."

எல்லாம் எனக்குப் போட்டி. நான் சுமந்து பேர் வாங்குகிறேன் என்று கடைசி நாளில் அவளுக்கும் சுமக்க ஆசை வந்துவிட்டது. பழக்கம் இருந்தால்தானே? ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். ஆயக்குடிக்குள் நுழையும்போது இரண்டு காலிலும் கொப்புளம். கதிரேசன் மாதிரி ஒருத்தனிடம் கேட்டுக் கட்டியிருந்தால் இந்தப் பாடு உண்டா?

ஆயக்குடியில் கொய்யாப்பழத் தராசில் என் பையை வைத்தேன். மூன்று கிலோ நூற்றெண்பது. உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் புறப்பட்ட கனம். சோப்புத் தேய்ந்தது இருபது கிராம், அதைக்கூட முருகன் சரியாகக் கழித்திருக்கிறான். கொய்யாக்காரம்மா மீனாளைப் பார்த்து, "நீயும் வை ஆத்தா, பார்ப்போம்" என்றார்.

"வேணாம்க்கா, எனக்கு நம்பரைப் பார்த்தாலே தலை சுத்தும்" என்று நகர்ந்துவிட்டாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மலை ஏறினோம். அறுநூறு எழுநூறு படி, நான் இடையில் ஒரு தடவைதான் உட்கார்ந்தேன். மீனாள் படிக்குப் படி உட்கார்ந்தாள். பையைக் கீழேயே வைத்துவிட்டு வா, சாமான் பார்க்க ஆள் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. "மேல போய் இறக்குறேன் அண்ணி" என்கிறாள். அத்தனை வீம்பு. மேலே போய் நான் கற்பூரம் எடுக்கப் பையைத் திறந்தேன். உள்ளே என் சாமான் மட்டும்தான். பாதிச் சீப்பு, கால் சோப்பு, நைலக்ஸ் புடவை, பாட்டில். டம்ளர் இல்லை, துண்டு இல்லை, தேங்காய் இல்லை. முருகன் கொடுத்ததை முருகனே எடுத்துக்கொண்டான். எங்கே வைத்தான் என்று நாம் கேட்கக் கூடாது.

தேங்காய் இல்லாமல் கற்பூரம் மட்டும் ஏற்றிக் கும்பிட்டேன். பக்கத்தில் மீனாள் அவள் பையிலிருந்து தேங்காய் எடுத்தாள். இரண்டு. எங்கள் அண்ணன் பேருக்கு என்று சொல்லி இரண்டையும் உடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் என்னமோ முணுமுணுத்தாள். மன்னிச்சிரு என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னை ஏழு நாள் கேலி செய்ததற்காக இருக்கும். அந்த மட்டில் புத்தி வந்ததே.

கீழே இறங்கி வந்து துண்டு எடுக்கிறேன் என்று பையைத் திறந்தவள், பாதியில் மூடிக்கொண்டாள். ஆனால் நான் பார்த்துவிட்டேன். அதே உபயம் போட்ட டம்ளர், இரண்டு. அதே துண்டு, இரண்டு. ஒருத்திக்கு எதற்கு இரண்டு டம்ளர், சொல்? என்னைப் பேராசைக்காரி என்றவள். எப்போது வரிசையில் நின்றாள் என்று எனக்குத் தெரியவே இல்லை, கள்ளி. காலண்டரும் இருந்தது. ஜனவரி கிழித்து, பிப்ரவரியில் கொஞ்சம் கிழித்து. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மயில் வாலைக்கூட அதே மாதிரி கிழித்திருக்கிறாள்.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? கால் மரத்துப்போய்விட்டதா? பையை அந்தத் தொடைக்கு மாற்றிக்கொள். பஞ்சாமிர்தம்தான் கொஞ்சம் கனம்.

அவளிடம் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் மீனாளுக்குப் பொய் சொல்ல வராது, கேட்டால் எதையாவது சொல்லித் தொலைப்பாள். வேண்டுதல் நல்லபடியாக முடிந்திருக்கிறது, சாயங்காலம் அவரும் போனில் வயிறு நன்றாக இருக்கிறது, ஷட்டர் வேலையும் முடிந்தது என்றார். இதற்கு மேல் பேச்சு எதற்கு?

அதோ, ஊர் வந்துவிட்டது. ஏழு நாள் நடந்ததை இந்த பஸ் ஒரு பொழுதில் விழுங்கிவிட்டது பார். ஏய் மீனாள், எந்திரி. கழுத்தைப் பார், நான் சொன்னேனா இல்லையா? எழுந்திருக்காதே, மெதுவாக. காலை ஊன்றாதே. உன் பையை நான் எடுக்கிறேன். "வேணாம் அண்ணி, வேணாம் அண்ணி" என்று ஏன் கத்துகிறாய்? என் வேண்டுதல் பழனியோடு முடிந்தது. உன் சுமையைத் தூக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. விடு கையை.

அம்மாடி. பார்த்தாயா ஆத்தா, இதைத்தான் ஒருத்தி ஒன்றரை நாள் சுமந்திருக்கிறாள். தராசே வேண்டாம், ஏழு கிலோ. உடைத்த தேங்காய் இரண்டும் உள்ளே இருந்தபோது எட்டு இருநூறு இருந்திருக்கும். எட்டு இருநூறும், என்னுடையது மூன்று இருநூறும்...

வேண்டாம். நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்குக் கூட்டல் வராது.

கொஞ்சம் தள்ளு, ஆத்தா. என் பையை நீ பிடித்துக்கொண்டு இறங்கு. இதை நான் வீடு வரைக்கும் தூக்கிக்கொள்கிறேன்.